மசோதாவில் பதினான்கு விதிவிலக்குகள்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் வீட்டில் அவளும் நலம். என் இடது முழங்கால் மட்டும் தனி அபிப்பிராயம் வைத்திருக்கிறது, அதைப் பொருட்படுத்த வேண்டாம். அங்கு தாங்களும், அக்காவும், தங்கள் தலைமையில் இயங்கும் வடக்குத் தெரு ஒழுக்கப் பாதுகாப்புக் குழுவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்களுடைய மூன்று கடிதங்களும் கிடைத்தன. முதல் கடிதத்தில், குடும்ப ஒழுக்கப் பாதுகாப்பு மசோதா இன்னும் சபைக்கு வராமல் இருப்பது ஏன், சட்டம் வரையும் பிரிவில் உட்கார்ந்து நீ என்னத்தைக் கிழிக்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாவது கடிதத்தில், தெருவில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டதாகவும், கல்யாணமானவர்கள் கல்யாணத்துக்கு வெளியே உறவு வைத்தால் இரண்டு ஆண்டு சிறை என்பது பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் நிற்க வைப்பதற்குச் சமம், அதை ஐந்து ஆண்டாக்கு என்றும் எழுதியிருந்தீர்கள். மூன்றாவது கடிதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இதற்குள் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள், 'அச்சுப் பிழைகள் காரணமாக மசோதா திரும்பப் பெறப்பட்டது' என்று இரண்டே வரி போட்டிருந்தார்கள். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் நடந்ததை உங்களுக்காவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் அறை உங்களுக்குத் தெரியாது. ஒரு மேஜை, இரண்டு இரும்பு அலமாரி, ஒரு பக்கம் மட்டும் காற்று வரும் மின்விசிறி, என் எதிரில் ஒரு நாற்காலி. அமைச்சர் பேசுவார், அவர் பேசியதைச் சட்டமாக எழுதுவது என் வேலை. இருபத்தொன்பது வருடமாக யார் எதைச் சொன்னாலும் 'அப்படியே செய்துடலாம் ஐயா' என்பதைத் தவிர நான் வேறு சொன்னதில்லை, அக்காவுக்கு இது தெரியும். எங்கள் பிரிவில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, சட்டத்தில் விதிவிலக்கு ஒன்று சேர்த்தால் அதற்கு ஓர் உதாரணமும் எழுத வேண்டும், 'க என்பவர் இப்படிச் செய்கிறார், அது குற்றமாகாது' என்று. இரண்டாவது, அந்த விதிவிலக்கை யார் கேட்டாரோ அவருடைய பதவியை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி, அவர் சொன்ன வார்த்தைகளோடு சேர்த்துக் குண்டூசியால் குத்தி வைக்க வேண்டும். பின்னால் யாராவது வந்து 'இந்த வரியை எவன்யா போட்டது' என்று கேட்டால் என் தலை தப்ப வேண்டுமே, அதற்காக. அச்சுக்குப் போகும் முன் மஞ்சள் சீட்டை எல்லாம் எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுத்தமாகத் தட்டச்சு செய்து அனுப்புவோம்.

மசோதா முதலில் மூன்றே பக்கம்தான் இருந்தது அத்தான். அமைச்சர் வானொலியில் பேசி, 'குடும்பத்தைக் கெடுப்பவன் யாராக இருந்தாலும், என் சொந்தக் கட்சிக்காரனாக இருந்தாலும் விடமாட்டேன்' என்றதும் நாடே கைதட்டியது, நானும் வீட்டில் உட்கார்ந்து தட்டினேன். மறுநாள் காலை பத்தரைக்கு மர ஆலை வைத்திருக்கும் உறுப்பினர் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். இருபத்தொன்பது வருடத்தில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை, அது பாதியில் மாட்டிக்கொண்டது, இருவரும் சேர்ந்து தள்ளினோம்.

"ரொம்ப அருமையான சட்டம்," என்றார். "நான் முழுசா ஆதரிக்கிறேன். சும்மா ஒரு சின்ன விஷயம். தொழில் விஷயமா வெளியூர் போறவன் இருக்கான் பாருங்க, அவனையும் இதுல சேர்த்துட்டா வியாபாரம் படுத்துடும்."

"சேர்த்துடலாம் ஐயா. ஓர் உதாரணம் வேணுமே."

"எழுதிக்கோங்க. க என்பவர் மரம் வாங்க மலையடிவாரத்துக்குப் போறார். மழை பிடிச்சுக்குது. பாலம் மூழ்கிடுது. திரும்பி வர வழியில்ல. அங்க ஒரு வீட்டுல தங்க வேண்டியதாப் போச்சு."

"பாலம் எத்தனை நாளா மூழ்கியிருக்கு ஐயா?"

"பதினோரு வருஷம்னு வச்சுக்கோங்க," என்றார். நான் வைத்துக்கொண்டேன், மஞ்சள் சீட்டில் எழுதிக் குத்தினேன்.

அவர் போன செய்தி எப்படிப் பரவியதோ தெரியவில்லை, அன்று மத்தியானத்திலிருந்து என் எதிரில் இருந்த நாற்காலி சூடு ஆறவே இல்லை. ஆளுங்கட்சிக் கொறடா வந்து, கட்சி வேலையின் போது தோழர்களுக்கிடையே ஏற்படும் கொள்கை சார்ந்த நெருக்கம் குற்றமாகாது என்று சேர்க்கச் சொன்னார், கொள்கை எது என்று கேட்டதற்கு 'அதை அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்' என்றார். அறுபது வயது தாண்டிய ஓர் உறுப்பினர், பேருந்தில் எல்லாம் முதியவர்களுக்குச் சலுகை கொடுக்கிறார்கள், இதில் மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை என்று மனம் நொந்து பேசினார், எனக்கே கண் கலங்கிவிட்டது. எதிர்க்கட்சித் தலைவர் சபையில் அமைச்சரோடு எலியும் பூனையுமாக இருப்பவர், இந்த ஒரு மசோதாவுக்கு மட்டும் ஆதரவு என்று மேடை மேடையாக அறிவித்துவிட்டு, என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, இரண்டு வீட்டாருக்கும் நல்ல பேச்சுவார்த்தை இருந்து, பண்டிகைக்கு எந்த வீட்டில் இருப்பது என்பதில் தகராறு இல்லாவிட்டால் போலீஸ் தலையிடக் கூடாது என்றார். 'ரெண்டு பேருமே ரொம்பத் தங்கமானவங்க' என்று உதாரணத்தையும் அவரே கொடுத்தார். இப்படியே பதின்மூன்று ஆயிற்று. பதினான்காவதாக அமைச்சரே வந்தார். இத்தனை விதிவிலக்கைப் பார்த்து மனுஷர் பேனாவால் குத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். பிறகு, இப்படிப்பட்ட சட்டத்தைக் கொண்டு வருகிறவர் இந்தத் தீமையை நெருங்கியிருந்து ஆராய வேண்டிய அவசியம் ஏற்படலாம், ஆகவே ஆய்வு நோக்கில் செய்யப்படுவது குற்றமாகாது என்று சேர்க்கச் சொன்னார். எவ்வளவு காலம் ஆய்வு என்று நான் கேட்கவில்லை, மரியாதை இல்லை.

மூன்று பக்க மசோதா பன்னிரண்டு பக்கம் ஆனது இப்படித்தான். வீட்டில் இவள் ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, "எல்லாருக்கும் எழுதிக் கொடுக்கறீங்களே, உங்களுக்கு ஏதாவது விதிவிலக்கு வேணுமா" என்று கேட்டாள். நான் முழங்காலைக் காட்டினேன், சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

சபையில் ஒரே ஒரு பெண் உறுப்பினர் இருக்கிறார், தாதியாக வேலை பார்த்தவர். அவரும் ஒருநாள் வந்தார். பழக்கதோஷத்தில் நான் மஞ்சள் சீட்டை எடுத்துவிட்டேன். "உங்களுக்கு எதும்மா சேர்க்கணும்" என்றேன். "எனக்கு வீடு, தொகுதி, மாமியார் மூணும் இருக்கு சார், நாலாவதா ஒண்ணுக்கு எனக்கு எங்க நேரம்" என்றார். அப்புறம் கோப்பைத் தன் பக்கம் திருப்பிப் பதினான்கையும் விரல் வைத்துப் படித்துவிட்டு, "இதுல ஒண்ணாவது ஒரு பொம்பளைக்குப் பொருந்துமா" என்று கேட்டார். நானும் தேடினேன். தொழில் பயணம், கட்சிக் கூட்டம், ஆய்வு, முதுமை, எதிலும் பெண் இல்லை, மலையடிவாரத்தில் தங்க வைத்தவள் கூட 'ஒரு வீடு' என்றுதான் இருந்தாள். "அப்போ இந்தச் சட்டத்துல யாரைத்தான் சார் பிடிச்சுட்டுப் போவாங்க" என்றார் அந்த அம்மாள். அவர் போன பிறகு எனக்கு அந்த நாற்காலியில் ஒரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாகத் தெரிந்தது, அது நம் பாப்பா.

கோபப்படாதீர்கள் அத்தான். அவள் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று நீங்கள் உத்தரவு போட்டு இரண்டு வருடம் ஆகிறது, இது வீடு இல்லை, கடிதம்தானே. அந்தப் படுபாவி அடித்த அடியில் ஒரு காது மந்தமாகி உங்கள் மகள் வெளியேறி ஆறு வருடம், விவாகரத்து வழக்கு தேதி மேல் தேதியாக இழுத்துக்கொண்டு ஆறு வருடம், இந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரோடு அவள் வாழ ஆரம்பித்து இரண்டு வருடம். வழக்கு முடியாததால் சட்டப்படி அவள் இன்னும் அந்தப் படுபாவியின் மனைவி. மசோதா நிறைவேறினால் முதல் புகாரை அவன்தான் கொடுப்பான், நம் பிள்ளை இரண்டு ஆண்டு உள்ளே இருப்பாள், உங்கள் இரண்டாவது கடிதத்தை நான் மதித்திருந்தால் ஐந்து ஆண்டு. இதை என் கையாலேயே எழுதிக்கொண்டிருக்கிறேனே என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நிலையில்தான் உங்கள் மூன்றாவது கடிதம் வந்தது, உறையின் மேல் 'சொந்த விஷயம், அக்காவுக்கும் தெரிய வேண்டாம்' என்று எழுதி, உள்ளே நீங்களும் ஒரு விதிவிலக்குக் கேட்டு. நீங்கள் சபை உறுப்பினர் இல்லை, உங்கள் கோரிக்கையைச் சேர்க்க விதியில் இடமில்லை. ஆகவே அந்தக் கடிதத்தை எட்டாகக் கிழித்துப் போட்டுவிட்டேன், நிம்மதியாக இருங்கள்.

இனி அந்த அச்சுப் பிழைக்கு வருகிறேன். மசோதாவைச் சபையில் வைக்கும் நாளைக் குடும்ப நாளாகக் கொண்டாட வேண்டும், உறுப்பினர்களின் மனைவிமார்களைப் பார்வையாளர் மாடத்தில் உட்கார வைத்து, ஆளுக்கொரு பிரதியை நாடா கட்டிக் கொடுக்க வேண்டும் என்று அமைச்சர் முடிவு செய்தார். நாள் நெருங்கிவிட்டது, தட்டச்சு முடியவில்லை, நாளுக்கு நான்கு முறை அமைச்சரின் ஆள் வந்து நின்றார். என் மேஜையில் இரண்டு முத்திரைகள் உண்டு. 'திருத்தியபடி அச்சிடுக' என்பது மசோதாக்களுக்கு. 'உள்ளபடியே அச்சிடுக' என்பது இரங்கல் தீர்மானங்களுக்கு, செத்தவரைப் பற்றி எழுதியதில் அச்சகத்துக்காரர்கள் கை வைத்துவிடக் கூடாதே என்று. அவசரத்தில் இரங்கல் முத்திரையை மசோதாக் கட்டின் மேல் குத்தி அனுப்பிவிட்டேன், மஞ்சள் சீட்டுகளை எடுக்கவும் மறந்துவிட்டேன். அச்சகத்து மேற்பார்வையாளர் சொல் தட்டாத மனிதர். பிற்பாடு அவரைக் கேட்டபோது, "உள்ளபடியேன்னு போட்டீங்க, உள்ளபடியே அடிச்சேன். குண்டூசிக்கு மட்டும் அச்செழுத்து இல்ல, இருந்திருந்தா அதையும் போட்டிருப்பேன்" என்றார். ஒவ்வொரு விதிவிலக்கின் அடியிலும் தடித்த எழுத்தில் 'கேட்டவர்' என்று போட்டு, அவரவர் பதவியும், அவரவர் வாயால் சொன்ன உதாரணமும் அட்சரம் பிசகாமல் அச்சாகியிருந்தன.

அன்று சபையில் அமைச்சர் எழுந்து கணவனும் மனைவியும் வண்டியின் இரண்டு சக்கரம் என்று ஆரம்பித்தார். கீழே யாரும் மசோதாவைப் பிரிக்கவில்லை, அவர்கள் எதையுமே பிரித்துப் படிக்கிறவர்கள் இல்லை. மாடத்தில் பிரித்தார்கள். முதலில் நாடா அவிழும் சத்தம், பிறகு தாள் புரளும் சத்தம், அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் அதிகாரிகளுக்கான இருக்கையில் உட்கார்ந்து ஏதோ நல்ல வரவேற்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது மர ஆலைக்காரரின் மனைவி எழுந்து கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல், வீட்டில் விசாரிப்பது போலத்தான் கேட்டார்.

"ஏங்க, அந்தப் பாலத்துல தண்ணி இன்னும் வடியலையா?"

சபைத் தலைவர் மணியை அடித்தார். மணி அடிக்க அடிக்க மாடத்தில் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கொறடாவின் மனைவி கொள்கை என்னவென்று கேட்டார். எதிர்க்கட்சித் தலைவரின் மனைவி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு தங்கமானவரைத் திரும்பிப் பார்த்தார், இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. அமைச்சரின் மனைவியோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார், அதைப் பார்த்துத்தான் அமைச்சருக்கு வியர்த்தது. அரசும் எதிர்க்கட்சியும் ஒரு மனதாக எழுந்து, மசோதாவில் அச்சுப் பிழைகள் மலிந்துவிட்டதால் உடனே திரும்பப் பெற வேண்டும் என்றார்கள். கைதூக்கச் சொன்னபோது சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். பெண் உறுப்பினர் மட்டும் எழுந்து எது பிழை என்று குறிப்பிட்டால் திருத்திக்கொள்ளலாமே என்றார், யாரும் குறிப்பிட முன்வரவில்லை.

என்னைத் தொலைத்துக் கட்டுவார்கள் என்றுதான் இருந்தேன். ஆனால் விசாரணை வைத்தால் ஒவ்வொரு சீட்டையும் உரக்கப் படித்துப் பதிவு செய்ய வேண்டும், அதனால் விசாரணை இல்லை. நூலகப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மின்விசிறி நாலா பக்கமும் சுற்றுகிறது, யாரும் எதையும் கேட்டு வருவதில்லை. ஆகவே என் விஷயத்தில் கவலை வேண்டாம். உங்கள் விஷயத்திலும் கவலைக்கு இடமில்லை. உங்கள் பெயரோ, நீங்கள் கேட்டதோ எங்கேயும் வெளிவரவில்லை, முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துக்காரர்களுக்கும் ஒரு வாடை கூடத் தெரியாது. எப்போதும் போலத் தலை நிமிர்ந்து தெருவில் நடக்கலாம். பாப்பா விஷயத்தில் உங்கள் முடிவு எதுவோ அதில் நான் தலையிடப் போவதில்லை. இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். அக்காவுக்கு என் அன்பு. தாங்கள் இருவரும் சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலான எந்தத் தொந்தரவும் அண்டாமல் நெடுநாள் வாழ்ந்து எங்களைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

என்றும் தங்கள் சொல்லைத் தட்டாத
மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், மனசு கேட்கவில்லை. உங்கள் கடிதத்தைக் கிழித்ததாக மேலே எழுதியது பொய். உறுப்பினர் இல்லாவிட்டால் என்ன, பதினான்கு பேரும் தங்களுக்காகக் கேட்டார்கள், நீங்கள் ஒருவர்தான் இன்னொருவருக்காகக் கேட்டிருந்தீர்கள். நானும் பதினைந்தாவது மஞ்சள் சீட்டாகக் குத்தினேன். முத்திரை குத்தியபோது எனக்கு ஒரு அவசரமும் இல்லை. பதினோராம் பக்கத்தில், 'கேட்டவர்: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தலைவர், வடக்குத் தெரு ஒழுக்கப் பாதுகாப்புக் குழு' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. அதன் கீழே நீங்கள் எழுதிய உதாரணமும் உள்ளபடியே இருக்கிறது: 'க என்பவள் கணக்கில் எப்போதும் நூற்றுக்கு நூறு. கணவன் அடித்ததால் வெளியேறியவள். வேறொருவரோடு வாழ்கிறாள். க என்பவளுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரையை விழுங்கத் தெரியாது, பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்க வேண்டும். அந்த வேறொருவருக்கு இது தெரியுமா என்று க-வின் தகப்பனுக்குத் தெரியவில்லை. இது குற்றமாகாது.'

மசோதாவின் பிரதி இப்போது ஊர் முழுக்கக் கைமாறுகிறது அத்தான், தமாஷ் புத்தகம் மாதிரி. நேற்று ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியை மாட்டி எழுத்து தெரிகிறதா என்று பார்க்க, கண்ணாடிக் கடையிலேயே அதைப் பிரித்துச் சத்தமாகப் படித்திருக்கிறார். பதினோராம் பக்கம். பாப்பா கல்லாவில் இருந்திருக்கிறாள். சாயங்காலம் எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மாமா, அந்த க நானா?"

"நீதான் பாப்பா."

கல்லாப் பெட்டியை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அவருக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லுங்க. தேன்லதான் குழைச்சுத் தர்றார்" என்றாள். இருபத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, முடியாது, நீயே போய்ச் சொல் என்றேன். ஞாயிறு காலை வண்டியில் இருவரும் அங்கு வருகிறார்கள். அக்காவிடம் நேற்றே சொல்லிவிட்டேன், அழுதுகொண்டே அறையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள், உங்களிடம் மட்டும்தான் சொல்லவில்லை. வாசலில் தொங்கும் ஒழுக்கப் பாதுகாப்புக் குழுவின் பலகையை மட்டும் அதற்குள் கழற்றி வைத்துவிடுங்கள். வேறு காரணம் ஒன்றுமில்லை, அவர் நல்ல உயரம், உள்ளே வரும்போது நெற்றியில் இடித்துவிடும்.